கரை சேர்ந்தது, ஆட்கள் மூன்று

படகில் சம்மாட்டி இருந்தார். படகும் வலையும் அவருடையவை. அவருடைய தம்பி இருந்தான். எஞ்சின் பிடிப்பது அவன். காது கேளாத ஐயா ஒருவர் இருந்தார். இளவயதில் இருந்தே அந்தக் குடும்பத்தின் படகில் போகிறவர். நான் இருந்தேன்.

இப்படித்தான் சொல்ல வேண்டும். ஆள் ஆளாகச் சொல்லலாம். மொத்தம் எத்தனை பேர் என்று சொல்லக் கூடாது. எங்கள் கரையில் மீனை எண்ணுவார்கள். வலையின் மிதப்புக் கட்டைகளை எண்ணுவார்கள். படகில் ஏறுகிற மனிதரை மட்டும் எண்ண மாட்டார்கள். கரையில் நின்று எண்ணினால் கடலும் கூட நின்று எண்ணும் என்று பயம். திரும்பி வந்து மணலில் கால் வைத்த பிறகு எண்ணலாம். அதில் குற்றம் இல்லை.

நான் கடற்கரையில் பிறந்தவன் இல்லை. அப்பாவும் அம்மாவும் மலையில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து மன்னார்ப் பெருநிலப் பக்கம் குடியேறியவர்கள். வேலை தேடித்தான் தீவுக்குள் வந்தேன். எனக்குப் படகு இல்லை, வலை இல்லை. நாட்கூலி. எந்தப் படகுக்கு ஆள் குறைகிறதோ அதில் ஏறுவேன். இன்று ஒரு படகு, நாளைக்கு இன்னொன்று. கரையில் எனக்குத் தேயிலை என்று பட்டம். தேயிலை, உனக்கு நீந்தத் தெரியுமோ, இல்லாட்டி ஊறத்தான் தெரியுமோ என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுப் போவேன். நீந்தத் தெரியும்.

பேசாலைக்கு அப்பால் எங்கள் கரை சின்னது. மீன்பிடிச் சங்கத்துக் கந்தோர் மணலிலேயே இருக்கிறது. தகரக் கூரை, ஒரு யன்னல், உள்ளே மேசையும் கதிரையும் சங்கத்து எழுத்தரும். முன்பு அவர் தன் வாயால் ஒலிபெருக்கியில் சொல்லுவார், இன்ன படகு வந்துவிட்டது என்று. வீட்டில் இருக்கிற பெண்கள் அதைக் கேட்டு உலை வைப்பார்கள். பிறகு அவருக்குத் தொண்டையில் வருத்தம் வந்து குரல் அடைத்துப் போனது. அதற்குப் பிறகுதான் கம்பியூட்டர் வந்தது.

செய்து கொடுத்தது எங்கள் கரைப் பிள்ளை ஒன்று. மன்னார் டவுனில் வேலை. ஞாயிறு பூசை முடிய வந்து இருந்து செய்தது. என்ன இது என்று கேட்டவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பக் காட்டியது. நானும் யன்னலில் நின்று பார்த்தேன். நான் படித்தது கொஞ்சம். மெதுவாக வாசிப்பேன்.

திரையில் ஒரு மாதிரி எழுதியிருந்தது. முதலில் படகு என்ற சொல். அதற்குப் பக்கத்தில் இரண்டு வளைந்த அடைப்புக்குள் ஒரு சொல். பிறகு, கரை சேர்ந்தது. பிறகு, ஆட்கள். அதற்குப் பக்கத்திலும் அடைப்புக்குள் ஒரு சொல். கடைசியில், அனைவரும் நலம். அடைப்புக்குள் இருப்பது வாசிக்கிற சொல் இல்லை, அது ஒரு இடம் என்று பிள்ளை சொன்னது. அந்த இடத்துக்கு மாறி என்று பேர். எழுத்தர் ஒவ்வொரு படகுக்கும் உரிய பெறுமதியைத் தட்டுவார். மெஷின் மாதிரியை எடுத்து, அடைப்பு இருக்கிற இடத்தில் பெறுமதியை வைத்து, படகுக்கு ஒரு கோப்பு எழுதும். எழுத்து மட்டும் உள்ள சின்னக் கோப்பு. காலையில் படகு போகும்போது ஒன்று. வந்து சேரும்போது ஒன்று. காலைக் கோப்பு சங்கத்தாரின் போனுக்குப் போகும். படகு வராவிட்டால் தேடப் போகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். மாலைக் கோப்பை மெஷினே ஒலிபெருக்கியில் வாசிக்கும்.

வாசிப்பது ஒரு பெண் குரல். அது எங்கள் கரைப் பேச்சு இல்லை. மலைப் பேச்சும் இல்லை. எந்த ஊரிலும் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அந்தக் குரல் மூச்சு எடுப்பதில்லை.

முதல் நாள் பெறுமதி போய்ச் சேரவில்லை. அடைப்புக்குள் இருந்ததையே குரல் வாசித்தது. படகு, படகின் பெயர், கரை சேர்ந்தது. ஆட்கள், ஆட்தொகை. கரையெல்லாம் சிரிப்பு. பேர் வந்திட்டுது, படகு எங்க என்று ஒருவர் கேட்டார். ஆட்தொகை ஆருடைய மகன் என்று இன்னொருவர் கேட்டார். பிள்ளையும் சிரித்துக்கொண்டே திருத்தியது.

இரண்டாவது பிழைக்கு யாரும் சிரிக்கவில்லை. காலையில் எழுத்தர் எத்தனை பேர் என்று கேட்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அவரும் அந்தக் கரை ஆள்தான், வற்புறுத்த மாட்டார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். வெறுமையாக விட்டால் மெஷின் பூச்சியம் என்று வைக்கும். ஒருநாள் காலைக் கோப்பைத் தவறி ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள். படகு கடலில் உள்ளது, ஆட்கள் பூச்சியம் என்று குரல் சொன்னது. அந்தப் படகுக்காரனின் மனைவி முழங்கால் தண்ணீர் வரை ஓடிவந்து நின்றாள். படகு அப்போது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் நின்றது. அதில் ஆட்கள் நிமிர்ந்து நின்றார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இல்லை, இல்லை என்று சொன்னாள்.

சங்கத்தில் கூடிப் பேசினார்கள். பூச்சியம் என்ற சொல் இனி வரக் கூடாது. காலையில் எண்ணவும் முடியாது. பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னது. காலையில் பெறுமதி இல்லை என்றால், அதே படகு முந்தின நாள் திரும்பி வந்தபோது தட்டிய தொகையை மெஷின் எடுத்து வைக்கும். எல்லோருக்கும் பிடித்தது. யாரும் எண்ணத் தேவையில்லை. எங்கள் கரையில் படகுகளின் ஆட்கள் மாறுவது குறைவு. அண்ணன், தம்பி, மருமகன் என்று ஒரே ஆட்கள்தான்.

நான் மட்டும் மாறுவேன். அதை அன்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அது சோளகக் காற்றுக் காலம். தரையில் இருந்து கடலை நோக்கிக் காற்று. முந்தின நாள் நான் வேறு படகில் போயிருந்தேன். அன்று விடியச் சந்தியில் நின்றபோது சம்மாட்டி சைக்கிளை நிறுத்தி, வாறியோ என்று கேட்டார். ஏறினேன்.

மத்தியானம் தாண்டி வலையைப் படகுக்குள் வாங்கினோம். வலை அடியில் எதிலோ பிடித்துவிட்டது. ஒரு பக்கமாக எல்லோரும் நின்று இழுத்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு மழைக் கோடு வந்து விழுந்தது. காற்று படகைத் தூக்கிக் கவிழ்த்தது. மிதப்பு அங்கிகள் படகின் முன்பக்கத்து அணியத்தில் முடிச்சாகக் கட்டிக் கிடந்தன. கயிறு என் காலில் சுற்றிக் கீழே இழுத்தது. கழற்றிக்கொண்டு மேலே வந்தபோது படகு தள்ளி நின்றது. தம்பியும் ஐயாவும் கவிழ்ந்த படகைப் பிடித்திருந்தார்கள். சம்மாட்டி ஒரு மிதப்பைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் போனார். என் கைக்குப் பிளாஸ்டிக் எண்ணெய்க் கான் ஒன்று அகப்பட்டது. பாதி வெறுமை, மிதந்தது. அதைக் கட்டிப் பிடித்தேன். மழை நடுவில் வந்து மறைத்தது. அது விலகியபோது நான் தனியே நின்றேன்.

பிறகு வெயில். கடல் வெள்ளையாகக் கிடந்தது. தூரத்தில் தீவு ஒரு கோடு போலத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே மின்சாரக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லை. நான் பார்த்தாலும் சுற்றின, கண்ணை மூடித் திறந்தாலும் சுற்றின.

நாங்கள் திரும்பாததால் படகுகள் தேடி வந்தன. எங்கள் கரைப் படகுகள். அங்கும் இங்கும் போவதைக் கண்டேன். கத்தினேன். காற்று என் வாயில் இருந்து எடுத்து மறு பக்கம் கொண்டு போனது. அவர்கள் பேசுவது எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. நான் கத்துவது அவர்களுக்குக் கேட்கவில்லை.

அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தம்பியையும் ஐயாவையும் எங்கள் கரைப் படகு ஒன்று தூக்கியது. சம்மாட்டியை விடத்தல்தீவுப் படகு ஒன்று தூக்கியது. இரண்டு படகும் கந்தோருக்குப் போன் எடுத்தன. எழுத்தர் காலைக் கோப்பைப் பார்த்தார். ஆட்கள் மூன்று. இங்கே இருவர், அங்கே ஒருவர். சரி. எல்லாரும் கிடைச்சிட்டினம் என்று இரண்டு படகுக்கும் சொன்னார். அவர்கள் கரைக்கு வருமுன்பே சம்மாட்டியின் படகை வந்ததாகத் தட்டிவிட்டார். நான் விடத்தல்தீவுப் படகில் இருக்கிறேன் என்று தம்பி நினைத்தான். நான் தம்பியோடு இருக்கிறேன் என்று சம்மாட்டி நினைத்தார். எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடலில் நின்று அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பிறகு ஒலிபெருக்கி. காற்று அதை அப்படியே கொண்டு வந்து என் காதில் வைத்தது. வழமையான படகுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு சம்மாட்டியின் படகின் பெயரைச் சொன்னது.

கரை சேர்ந்தது. ஆட்கள் மூன்று. அனைவரும் நலம்.

தேடிக்கொண்டிருந்த படகுகள் திரும்பின. ஒன்றன் பின் ஒன்றாகக் கரையைப் பார்த்து முகத்தை வைத்தன. நான் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் பிழைத்துவிட்டார்கள். பிறகு அந்தத் தொகை மண்டைக்குள் நின்றது. மூன்று. யார் யார் என்று பார்த்தேன். சம்மாட்டி, தம்பி, ஐயா. சரியாக இருந்தது. என்னைச் சேர்த்துப் பார்த்தேன், பிழை வந்தது. என்னை விட்டுப் பார்த்தேன், சரி வந்தது. திரும்பத் திரும்ப அப்படித்தான் வந்தது. அனைவரும் என்று சொன்னது. அனைவரும் கரையில் என்றால் இங்கே கானைப் பிடித்துக்கொண்டு கிடப்பது என்ன. கையைப் பார்த்தேன். தோல் வெளுத்து, என் கை போல இல்லை. விரலை மடக்கினேன். மடங்கியது. ஆனாலும் நம்பவில்லை. நான் அப்போதே கீழே போய்விட்டேன், கயிறு கழலவில்லை, இது வேறு ஏதோ என்று ஒரு எண்ணம். அது வந்த பிறகு பயம் போய்விட்டது. கானை விட்டாலும் பரவாயில்லை போல இருந்தது. எங்கள் ஆட்களுக்குத் தெரியும், கடல் எப்போது ஆளை எடுக்கிறது என்று. பயம் போகிற நேரத்தில்தான்.

விடவில்லை. ஏன் என்று தெரியாது.

கரையில் என் மனைவி மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் மலையில் இருந்து வந்த குடும்பம். அவளுடைய அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அங்கே தினமும் காலையில் பெரட்டுக்களத்தில் நிறுத்தி, எண்ணித்தான் ஆட்களை வேலைக்கு அனுப்புவார்கள். அம்மாவின் பழக்கம் மகளுக்கு வந்தது. பிள்ளைகளை எண்ணுவாள், கோழியை எண்ணுவாள், சோற்றுக் கோப்பைகளை எண்ணுவாள். வாய்விட்டு எண்ணுவாள். கரைப் பெண்களுக்கு அது பிடிக்காது. அவள் விட மாட்டாள்.

அவளுக்கு நான் எந்தப் படகில் ஏறினேன் என்று தெரியும். குரல் சொன்ன தொகையைக் கேட்டாள். உப்புக் கையோடு கந்தோருக்குப் போனாள். யன்னலில் கூட்டம். எல்லோரும் நிம்மதியாக நின்றார்கள்.

எழுத்தர் தன் அடைத்த குரலில், எல்லாரும் வந்திட்டினம் தங்கச்சி, வீட்டை போங்கோ என்றார்.

“என் வீட்டுக்காரரு வரல.”

“விடத்தல்தீவுப் படகில வாறார்.”

“அதுல யாரு யாரு வாறாங்கன்னு கேளுங்க.”

எழுத்தர் போன் எடுத்தார். சம்மாட்டி மட்டும் என்று சொன்னார்கள். அவர் திரையைப் பார்த்தார். திரையில் மூன்று என்று இருந்தது. மெஷின் பிழை விடாது என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

அவள் கையைத் தூக்கி எண்ணத் தொடங்கினாள். சம்மாட்டி என்று ஒரு விரலை மடக்கினாள். தம்பி என்று ஒன்றை. எண்ணாதை பிள்ளை, அவை இன்னும் கடலில ஈரத்தோட நிக்கினம் என்று ஒரு பெண் தடுத்தாள். மனைவி கேட்கவில்லை. ஐயா என்று இன்னொன்றை மடக்கினாள். அடுத்த விரலை மடக்கவில்லை. அதை அப்படியே நீட்டி எழுத்தரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். விரலில் உப்பு இருந்தது என்று எழுத்தர் எனக்குச் சொன்னார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“இது கடல்ல இருக்கு. போங்க,” என்றாள்.

போனார்கள்.

சூரியன் தண்ணீரைத் தொடுகிற நேரம் ஒரு படகு வந்தது. நேரே வரவில்லை. என்னைத் தள்ளி வைத்து ஒரு வட்டம் போட்டது. அணியத்தில் நின்றவன் எனக்குத் தெரிந்தவன், எத்தனையோ நாள் கூட வலை இழுத்தவன். செபமாலையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். எஞ்சினை அடக்கச் சொன்னான்.

“ஆர் அது?”

“தேயிலை.”

“எல்லாரும் கரையில எண்டு வாசிச்சாச்சு.”

“நான் இன்னும் போகல.”

அவன் செபமாலையைக் கழுத்தில் போட்டான். பிறகு கயிற்றை எறிந்தான். “ஊறினது போதும். ஏறு.”

கரையில் இறங்கியபோது யாரும் கிட்ட வரவில்லை. மனைவி மட்டும் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எழுத்தர் என் வருகையைத் தட்டப் பார்த்தார். மெஷின் ஏற்கவில்லை. அந்தப் படகு வந்து சேர்ந்தாகிவிட்டது, ஒரு படகு ஒரு நாளில் இரண்டு தரம் வராது என்று சொன்னது. ஆகவே அன்று என்னை வாசிக்கவில்லை. அந்தக் குரல் என்னை இன்றுவரை கரை சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வந்தது. கண் வீங்கியிருந்தது. என்னைக் கந்தோருக்குள் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தியது. அன்றைய கோப்புகள் அப்படியே இருந்தன. சம்மாட்டியின் படகின் காலைக் கோப்பைத் திறந்து காட்டியது. மெதுவாக வாசித்தேன்.

“இந்த மூணு யாரு?” என்று கேட்டேன்.

“முந்தின நாள் ஆக்கள் அண்ணை. இடம் வெறுமையா இருந்தா, கடைசியா வைச்சது அதிலயே நிக்கும்.”

“நான் எங்க?”

பிள்ளை வேறு ஒரு கோப்பைத் திறந்தது. முந்தின நாள் நான் போன படகு. அதன் அன்றைய காலைக் கோப்பு. அதிலும் ஒருவரும் பெறுமதி சொல்லவில்லை, முந்தின நாள் தொகை அப்படியே இருந்தது. அந்தத் தொகையில் நான் இருந்தேன். நான் கானைப் பிடித்துக்கொண்டு கிடந்த நேரம் முழுவதும், கோப்பின்படி நான் அந்தப் படகில் நனையாமல் இருந்திருக்கிறேன்.

அந்தப் படகு அன்று எனக்குப் பக்கத்தால் போனது நினைவு வந்தது. அதில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். யார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகும் கேட்கவில்லை.

பழைய கோப்பைத் திருத்தட்டோ என்று பிள்ளை கேட்டது. வேண்டாம் என்றேன். அது நடந்ததுதான்.

மெஷினை மாற்றினார்கள். இனி அந்த இடத்தில் பழைய பெறுமதி வராது. பூச்சியமும் வராது. காலையில் ஒரு மனிதர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோப்பு எழுதாது. மாலையில் அந்தப் படகை வாசிக்காது. ஆண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடல் கேட்டுக்கொண்டு நிற்குது என்றார் சம்மாட்டி. படகு கவிழ்ந்தபோது அடிபட்ட அவர் தலையில் இன்னும் கட்டு இருந்தது. பெண்கள்தான் முடிவு செய்தார்கள். வாசிக்காத படகுக்கு உலை வைக்க மாட்டோம் என்றார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றவள்தான் முதலில் சொன்னாள்.

அடுத்த நாள் விடியக் கந்தோர் யன்னலில் வரிசை நின்றது. இழுத்துக் கொண்டுவந்து திருத்திய எங்கள் படகு முன்னுக்கு. சம்மாட்டி என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் வருவேன் என்று அவர் நினைக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் போகாதீங்க என்று சொல்லவில்லை. வாசல் வரை வந்து நின்றாள்.

எழுத்தர் படகின் பெயரைத் தட்டினார். சம்மாட்டியின் பெயரைத் தட்டினார். பிறகு விரலை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். திரையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்குள் ஒரு சின்னக் கோடு தோன்றித் தோன்றி மறைந்தது.

சம்மாட்டி கடலைப் பார்த்தார். தம்பி மணலைப் பார்த்தான். ஐயாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் அவரும் பேசாமல் நின்றார். அலை வந்து கந்தோர்க் கால் வரை ஏறி, போகாமல் நின்றது போல இருந்தது.

எங்கள் அப்பா ஒவ்வொரு விடியலும் எண்ணப்பட்டவர். காய்ச்சலோடு போய் நின்றாலும் எண்ணுவார்கள். அதைச் சொல்லி அவர் சிரிப்பார்.

கோடு தோன்றி மறைந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே எனக்குத் தெரிந்தது.

யன்னலுக்குக் கிட்டப் போனேன். சொன்னேன்.

நாலு.